ஓரக் குறிப்பும் வணிகப் பெயரும்

வணிகர் ஒருவர் தம் கடை முகப்பில் பெயர்ப்பலகை நாட்டுகின்றார். வழியே செல்வோன் ஒருவன் அப்பலகையின்கீழ்க் கரித்துண்டால், 'இங்கு நிறை குறைவு' என்று எழுதிவிட்டுப் போகின்றான். காலையில் கடை திறப்பவர் அதனைக் காண்கின்றார்; சினங்கொள்கின்றார்; நீர் தெளித்துத் துடைத்துவிடுகின்றார். இக்காலத்திலோ பலகையைத் தொடாமலே அதன்மேல் எழுதும் வித்தை ஒன்று வந்துளது. எழுதியது கடைக்காரர் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் துடைக்கவும் இயலாது. குறித்ததொரு மூக்குக்கண்ணாடியை அணிந்து வருவோர்க்கு மட்டும் அவ்வெழுத்துப் பலகையின்மேலேயே எழுதியதுபோலத் தோன்றும். இணையப் பக்கங்களின்மேல் யாவரும் குறிப்பெழுதுதற்கு அமைந்த கருவிகளின் இயல்பு இதுவே. 'பிராண்டு' என வழங்கும் வணிகப் பெயருக்கு அவற்றால் நேரக்கூடிய ஊறு யாது, அதனுள் மெய் எத்துணை, வீண் அச்சம் எத்துணை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வகை எழுத்தைக் குறிப்புரை என்று வழங்குதலும் உண்டு. நாம் ஓரக் குறிப்பு என்றே கூறுவோம். என்னை? குறிப்புரை என்றவுடன் தமிழ் பயில்வார்க்கு உரையாசிரியர் நினைவே வரும். அவர் மூலத்தை மதித்து, அதற்கு அடங்கி நின்று எழுதினவர். இணையத்தில் ஓரக் குறிப்பு எழுதுவோர்க்கு அத்தகைய கடப்பாடு ஒன்றும் இல்லை. அவருள் அறிஞரும் உளர், வம்பரும் உளர், போட்டிக் கடைக்காரரின் கையாளும் உளர்.

முதற்கண் இக்கருவி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். படிப்போர் தம் உலாவியோடு சிறிய நிரல் ஒன்றை இணைத்துக்கொள்வர். அவர் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் அந்நிரல், பக்கத்தின் முகவரியைத் தனக்குரிய வழங்கிப் பொறிக்கு அனுப்பி, இம்முகவரிக்குரிய குறிப்புக்கள் உளவோ என வினவும். உளவாயின் பெற்றுவந்து பக்கத்தின் ஓரத்திலோ, சொற்களின் மேலோ இட்டுக் காட்டும். பக்கத்துக்கு உரியவரின் கணிப்பொறியில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. குறிப்பு எந்தச் சொற்றொடரைச் சுட்டியது என்பதை அறிதற்கு அத்தொடரையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் உடன் எழுதி வைப்பது இப்பொழுதுள்ள முறைகளுள் ஒன்று. உலகளாவிய வலைச் சங்கத்தார் 2017-ஆம் ஆண்டு பெப்ரவரி 23-ஆம் நாள் வெளியிட்ட பொது அமைப்பு விதிகளிலும் இம்முறை இடம்பெற்றுளது. இவ்விதிகளைத் தழுவி எவரும் தமக்கென ஒரு குறிப்பு வழங்கியை அமைத்துக்கொள்ளலாம். ஆதலின், ஒரு கம்பெனியை வேண்டியோ அச்சுறுத்தியோ குறிப்புக்களை நிறுத்திவிடலாம் என்னும் எண்ணம் பயனற்றது.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. பக்கத்திலுள்ள தொடர் பின்னர் மாற்றி எழுதப்பட்டால் குறிப்பு தன் நிலைக்களத்தை இழந்துவிடும். 'ஹைப்பாதிஸிஸ்' என்னும் கருவியில் இத்தகைய குறிப்புக்களை அநாதைகள் என்றே பெயரிட்டுத் தனியாக ஒதுக்கி வைத்துள்ளார்கள். இங்கே வணிகர்க்குற்ற இடரை நோக்குக. ஒருவர் தம் பொருளின் விலையைத் தவறாகக் குறித்திருந்தார். ஒருவன் அதனைச் சுட்டிக் குறிப்பெழுதினான். அவரும் நேர்மையாகத் திருத்திவிட்டார். பிழை போயிற்று, பிழையைச் சொல்லிய குறிப்போ ஆதாரமற்று மிதந்துகொண்டிருக்கின்றது. பின்வந்து படிப்போர்க்குக் குற்றச்சாட்டுத் தெரியும். திருத்தம் செய்த செய்தி தெரியாது.

ஓரத்தில் எழுதியது பெயருடையார்க்கு உறுத்தியது இந்நூற்றாண்டிலன்று. நம் வேதாகம வரலாற்றிலேயே இதற்குச் சான்று உளது. 1560-ஆம் ஆண்டில், இங்கிலாந்தினின்றும் ஓடிச் சென்று ஜெனீவா நகரில் தங்கிய சீர்திருத்தச் சபையார் ஆங்கில வேதாகமம் ஒன்றை ஓரக் குறிப்புக்கள் நிரம்ப வெளியிட்டனர். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனுடைய கட்டளையை மீறிய இடத்தில், அம்மீறுதல் முறையே என்று அக்குறிப்புச் சொல்லிற்று. இரண்டாம் நாளாகமத்தில் ஆசா அரசன் மாகாளை அரசியாயிராதபடி விலக்கிய இடத்தில், விலக்கியது போதாது, கொன்றிருத்தல் வேண்டும் என்னும் கருத்துப்படச் சொல்லிற்று. இவ்விரண்டும் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தாயார் 1587-ஆம் ஆண்டில் தலை துணிக்கப்பட்டவர் என்பதையும் உடன் எண்ணுதல் தகும். 1604-ஆம் ஆண்டு ஹாம்டன் அரண்மனையில் கூடிய அவையில் புதிய மொழிபெயர்ப்புக்கு இசைவளித்தபோது, எபிரெய கிரேக்கச் சொற்களை விளக்குதற்கன்றி வேறு எதற்கும் ஓரக் குறிப்பு இருத்தலாகாது என்று விதி ஏற்பட்டது. அப்படியே 1611-ஆம் ஆண்டில், ஓரத்தில் ஜெனீவாக் குறிப்புக்கள் போன்ற கருத்துரைகள் இல்லாத வேதாகமம் வெளிவந்தது. ஆயினும் நடந்தது யாது? 1642-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அச்சகத்தார் மன்னரின் மூலத்தையே எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் ஜெனீவாக் குறிப்புக்களைப் பதித்து விற்றனர். மன்னர் விலக்கிய குறிப்பு மன்னர் பெயரால் வழங்கும் மூலத்தின் பக்கத்திலேயே வந்து அமர்ந்துகொண்டது. படிப்போர் விரும்புமளவும் ஓரத்தை வெறுமையாக வைத்திருத்தல் அரசர்க்கும் அரிது போலும்.

நிற்க. இணையத்துக்கு வருவோம். 1993-ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் 'மொஸேக்' உலாவி உருவானபோதே, பக்கங்களின்மேல் குழுவாகக் குறிப்பெழுதும் வசதியை அதன் தொடக்கப் பதிப்பில் அமைத்திருந்தனர். உலகத்தார் எழுதப்போகும் குறிப்புக்கள் யாவற்றையும் தாங்கும் பொறியை வைத்து நடத்த வழியில்லாமையால் அதனை விரைவில் நீக்கிவிட்டதாக, அவ்வுலாவியை ஆக்கினோருள் ஒருவராகிய மார்க் ஆண்டிரீஸன் பின்னாளில் எழுதினார். இணையப் பக்கம் ஓரத்தோடு பிறந்தது. பிறந்த சில நாட்களில் ஓரத்தை இழந்தது என்னலாம்.

1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'தேர்டு வாய்ஸ்' என்னும் கருவி வெளிவந்தது. அதனைத் தம் உலாவியில் இணைத்துக்கொண்டோர் எந்தப் பக்கத்தின்மேலும் குறிப்பு ஒட்டலாம். அக்கருவியுடையோர் அனைவரும் அதனைப் படிக்கலாம். சில வாரங்களுக்குள் பக்க உரிமையாளர் பலர் ஒன்றுகூடி அதனை எதிர்த்து இயக்கம் தொடங்கினர். எம் சுவரில் எழுத உமக்கு உரிமை ஏது என்பது அவர் வினா. எழுதியது உம் சுவரிலன்று, படிப்போருடைய கண்ணாடியில் என்பது கருவியாரின் விடை. இருவர் சொல்லிலும் ஒவ்வொரு பாதி உண்மை உளது. நிரலின் இயக்கத்தை நோக்கினால் கருவியார் சொல்வது சரி. படிப்போரின் மனத்தை நோக்கினாலோ, பக்கத்தின்மேல் தோன்றுவதைப் பக்கத்தின் பகுதியாகவே அது கொள்கின்றது. ஒரு பெயருக்குரிய மதிப்பு நிற்பது கணிப்பொறியிலன்று, படிப்போரின் மனத்திலேயாம். இதனைக் கருவியார் கண்டுகொள்ளவில்லை. அவ்வாண்டிலேயே அக்கருவியின் பாதுகாப்பில் ஒரு குறை புலப்பட்டது. குறிப்பினுள் தீய நிரலைப் பொதிந்து வைத்துப் படிப்போரை ஏமாற்றக்கூடும் என்று காட்டினர். முடிவில் அதனை வீழ்த்தியது எதிர்ப்பு இயக்கமன்று. போதிய வருவாய் இன்மையே. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது மூடப்பட்டது.

அதே 2001-ஆம் ஆண்டில் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தம் உலாவியில், பிறர் பக்கத்துச் சொற்களின்கீழ்த் தாமே இணைப்புக்களை இட்டுக் காட்டும் ஓர் ஏற்பாட்டைச் சேர்க்க முயன்று, எதிர்ப்பு மிகுந்தமையால் ஜூன் மாதத்தில் கைவிட்டனர். அதனை வேண்டாதார் தம் பக்கத்தில் ஒரு விலக்குக் குறியை எழுதிவைக்கலாம் என்று முன்னர் அறிவித்திருந்தனர். வேண்டுவோர் கேட்டுப் பெறுவதன்று. வேண்டாதாரே ஓடியாடிக் கதவடைத்தல் வேண்டும் என்னும் இம்முறை நமக்கு நேரியதாகத் தோன்றவில்லை.

பின்னர் வந்தது கூகிள் கம்பெனியாரின் 'ஸைடுவிக்கி'. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தொடங்கி, 2011-ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. தேர்டு வாய்ஸ் சிறிய கம்பெனி. அதன் குறிப்பைப் படித்தோர் ஒப்புநோக்கச் சிலரே. கூகிளோ உலகத்தாரெல்லாம் வழி கேட்கும் வாயில். அதன் கருவிப்பட்டையை உடையோர் எந்தப் பக்கத்தைத் திறப்பினும் பக்கவாட்டில் பிறர் எழுதிய குறிப்புக்கள் வந்து நிற்கும். எவை மேலே நிற்க வேண்டும் என்பதைக் கூகிளின் கணக்கீடே முடிவு செய்யும். வேண்டாமென்று விலகுதற்குப் பக்க உரிமையாளர்க்கு வழியில்லை. ஆயினும் ஒரு சலுகை இருந்தது. இப்பக்கம் எமதே என்று மெய்ப்பித்தவர் முதற்குறிப்பைத் தாமே எழுதி எல்லாவற்றிற்கும் மேலே நிறுத்தலாம். இதனை இழிவாகக் கருதினோர் பலர். எம் வீட்டில் எமக்கு ஒரு நாற்காலி தருகின்றீரோ என்று அவர் கேட்டது ஒருவாறு நியாயமே. எனினும் வம்புரையும் மறுப்புரையும் ஒரே இடத்தில் அருகருகே நிற்கும் வாய்ப்பு அங்ஙனம் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்தில் மிகவும் கலங்கினோர் மருந்துக் கம்பெனியாரே. அவர் கலக்கம் வெறும் பெயரச்சமன்று. அமெரிக்காவில் ஒரு மருந்து எந்நோய்க்கென்று அரசாங்கத்தால் ஏற்கப்பட்டதோ அதற்கென்று மட்டுமே கம்பெனியார் விளம்பரம் செய்யலாம். இந்நிலையில் அயலான் ஒருவன் அக்கம்பெனியின் பக்கத்தோரத்தில், இம்மருந்து வேறொரு நோயையும் தீர்க்கும் என்று எழுதிவிட்டால் என் செய்வது? மறுத்தால் அயலார் எழுதுவதையெல்லாம் காத்திருந்து மறுக்கும் கடமை தலைமேல் ஏறுமோ? மறுக்காவிடின் அதற்கு உடன்பட்டதாகுமோ? உணவு மருந்து நிர்வாகத்தார் 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இணையத்தில் மருந்து பற்றிப் பேசுதலைக் குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க இரண்டு நாள் கூட்டம் நடத்தினர். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட வரைவில், தம்மோடு தொடர்பற்ற அயலார் எழுதிய தவற்றைத் திருத்தும் கடமை கம்பெனிக்கு இல்லை; விரும்பினால் உண்மையான செய்தி கொண்டு திருத்தலாம் என்று கூறினர். இங்கே கம்பெனியின் பெயரினும் பெரியதொன்று பணயமாக நிற்கின்றது. நோயாளி ஒருவர் மருத்துவரிடம் கேளாது அவ்வோரக் குறிப்பை நம்பிவிடலாம். அக்குறிப்பு வேறெங்கோ இருந்தால் நம்பமாட்டார். மருந்துக் கம்பெனியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதால் நம்புகின்றார். அண்மையே குறிப்பின் ஆற்றல். கேட்டின் வித்தும் அவ்வண்மையே.

வணிகப் பெயருக்கு வரும் ஊறு இவ்வண்மையோடு வேறு சிலவற்றாலும் பெருகும். உரியவர் தாமே அக்கருவியை இணைத்துப் பாராதவரையில் தம்மீது என்ன எழுதியுளது என்று அறியார். அறிந்த பின்னும் எழுதினவன் யாவன் என்று அறியார், புனைபெயரே நிற்கும். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பிறர் எழுத்தைத் தாங்கி நிற்கும் கருவியாரை அவ்வெழுத்தை வெளியிட்டவராகக் கொள்ளுதல் ஆகாது என்கின்றது. ஆதலின் அங்கே கருவியார்மீது பழி போட்டு வழக்காட வழி குறுகியது. எழுதிய புனைபெயரைத் தேடியே செல்லல் வேண்டும்.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும் வணிகப் பெயரைக் காத்தல் என்னும் போர்வையில் ஓரக் குறிப்பையே ஒழித்துவிட வேண்டும் என்போரோடு நாம் உடன்படுதல் இயலாது. பெருங்கம்பெனி ஒன்றின் பக்கம் என்பது யாது? எழுத்திற் பழகியோர் பலரைக் கூலிக்கு அமர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதுவித்த புகழுரை. அதனைப் படிக்கும் ஏழை வாடிக்கையாளனுக்கு எதிர்மொழி கூறும் இடம் அங்கே இல்லை. பொருள் வாங்கி ஏமாந்தவன் தன் அனுபவத்தை, அடுத்து ஏமாறப் போகின்றவனுடைய கண்ணிற் படும் இடத்தில் எழுதிவைத்தல் குற்றமாகுமோ? பொய்யால் கெடும் பெயர் வேறு. மெய்யால் குறையும் பெயர் வேறு. பின்னையது ஊறன்று, கணக்குத் தீர்வேயாம்.

இவ்வேறுபாட்டோடு மற்றொன்றையும் கூறல் வேண்டும். அஃதாவது, கம்பெனி வேறு, தனியாள் வேறு. பாடல்களுக்குக் குறிப்பெழுதும் தளமாகத் தோன்றிய 'ஜீனியஸ்' கம்பெனியார் பின்னர் இணையத்தின் எப்பக்கத்தின்மேலும் குறிப்பெழுதும் வசதியை அளித்தனர். பக்கத்தின் முகவரிக்கு முன் தம் முகவரியைச் சேர்த்தாற் போதும். கருவியை இணையாதாரும் குறிப்புக்களைக் காணலாம். 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தம் சொந்த வாழ்வைப் பற்றித் தம் பக்கத்தில் துணிந்து எழுதிவந்த பெண் எழுத்தாளர் ஒருவர், தம் சொற்களின்மேல் அயலார் தம் இசைவின்றி எழுதுதலை எதிர்த்துக் குரல் எழுப்பினார். தம் பக்கத்தில் பிறர் கருத்தெழுத இடமில்லாதபடி அவர் அடைத்து வைத்திருந்தது காரணத்தோடேயாம். அடைத்த கதவைச் சுற்றிக்கொண்டு வந்த வழியன்றோ இஃது! அமெரிக்கச் சட்டசபை உறுப்பினர் காத்தரீன் கிளார்க் அவர்கள் அக்கம்பெனித் தலைவருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார். தீய குறிப்பைச் சுட்டி முறையிடும் வசதியை அதன் பின்னரே ஜீனியஸார் சேர்த்தனர். கூட்டமாக வந்து வசைபாடும் ஓரக் குறிப்பால் பெருங்கம்பெனிக்கு நேர்வது ஒரு நாள் சலசலப்பு; அதனிடம் வழக்கறிஞர் உளர், விளம்பரம் செய்யப் பணம் உளது. தனியாய் எழுதும் ஒரு பெண்ணுக்கோ அது எழுத்தையே கைவிடச் செய்யும். வணிகப் பெயர் பற்றிப் பெருங்கூக்குரல் எழுந்த காலங்களில் இத்தகையோர் பொருட்டுப் பேசினோர் சிலரே என்பது நமக்கு வருத்தந் தருகின்றது.

2019-ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'கேப்' என்னும் கம்பெனியார் வெளியிட்ட 'டிஸ்ஸென்டர்' என்னும் கருவியை, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே மோஸில்லாவும் கூகிளும் தம் நீட்சிக் கடைகளினின்றும் அகற்றின. கேப் கம்பெனியாரோ தமக்கென ஓர் உலாவியையே செய்துகொண்டனர். ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தார் கதையை இங்கு மீட்டும் நினைவுகூர்க. மற்றொரு புறம் ஹைப்பாதிஸிஸ் முதலியன கல்லூரி வகுப்புக்களிற் புகுந்து, ஆசிரியரும் மாணவரும் மூடிய குழுவாக ஒரு கட்டுரையின் ஓரத்தில் வாதிடும் இடமாயின. அங்கே எழுதுவோர் ஒருவரையொருவர் அறிவர். ஆதலின் வம்பு குறைவு.

பொதுமக்கள் கூட்டத்திலும் வம்பைக் குறைக்கும் முறை ஒன்றை 'டுவிட்டர்' தளத்தார் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் 'பேர்டுவாச்' என்னும் பெயரால் தொடங்கினர். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அது 'கம்யூனிட்டி நோட்ஸ்' எனப் பெயர் மாறியது. இஃது இணையம் முழுமைக்கும் உரிய ஓரமன்று. அத்தளத்துப் பதிவுகளுக்கு மட்டும் உரியது. ஆயினும் ஒரு நுட்பம் இதன்கண் உண்டு. ஒருவர் எழுதிய குறிப்பு உடனே வெளிப்படாது. எழுதுதற்குப் பதிவு செய்துகொண்ட பிறர் அதனை மதிப்பிடுவர். ஒரே கட்சியார் ஆயிரவர் புகழ்ந்தாலும் போதாது. வழக்கமாக ஒருவரோடொருவர் மாறுபடுவோர் இரு சாராரும் பயனுடைத்து என்று ஒப்பினால்தான் அது பதிவின்கீழ்த் தோன்றும். வாடகைக்கு ஆள் பிடித்து ஒரு பெயரைக் கெடுத்தல் இங்கே கடினம். மதிப்பிடும் கணக்கீட்டையும் குறிப்புக்களையும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டுள்ளார்கள். 2025-ஆம் ஆண்டில் மெட்டா கம்பெனியாரும் அமெரிக்காவில் இவ்வகை முறையைத் தொடங்கினர். விரைவு என்பது இம்முறையில் இல்லை. இரு சாராரும் ஒப்புமுன் பொய் ஊர் சுற்றிவிடுகின்றது என்னும் குறை நியாயமானதே.

டுவிட்டராயிருந்து இப்பொழுது 'எக்ஸ்' எனப்படும் அத்தளத்தில் இக்குறிப்புக்கள் பணங்கொடுத்து வெளியிடும் விளம்பரங்களின்கீழும் வருகின்றன. விளம்பரத்துக்குப் பொருள் பெற்றுக்கொண்ட தளமே, அவ்விளம்பரம் படிப்போரை மயக்குவது என்று சொல்லும் குறிப்பையும் உடன் காட்டுகின்றது. விளம்பரக்காரர் அதனைத் தாமே அழித்தல் இயலாது. குறிப்புத் தவறாயின் மறு மதிப்பீடு வேண்டலாம். குறிப்பு மெய்யாயின் விளம்பரத்தை எடுத்துவிட்டுச் சரியான சொற்களோடு மீண்டும் இடலாம்.